சின்ன உணவகமும் மளிகைக் கடையும்

பிரெஞ்சு சாப்பாடு என்றதும் நட்சத்திர ஓட்டலும் ஆயிரக்கணக்கில் பில்லும்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். கல்மண்டபம் மளிகைக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே நம் கருத்து.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியது. அடுப்பு மட்டும் அணையவில்லை. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் பழைய வீட்டு முற்றங்களில் இன்றும் சிறிய உணவகங்கள் நடக்கின்றன. பிரெஞ்சுச் சிற்றுணவகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் சந்தையில் எது நன்றாகக் கிடைத்ததோ அதுவே அன்றைய சமையல். அதைக் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். பாரீசில் லே ஆல் மொத்தச் சந்தையைச் சுற்றியிருந்த கடைகளில், மூட்டை தூக்குவோரும் வியாபாரிகளும் விடியற்காலையில் வெங்காய சூப் குடித்தார்கள். நமது கொத்தவால் சாவடி 1996-ல் கோயம்பேடு போனதுபோல, அந்தச் சந்தையும் 1969-ல் நகருக்கு வெளியே போனது. ஆனாலும் தெருமுனை உணவகம் அங்கே மறைந்துவிடவில்லை.

இன்னொன்று. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்து உருட்டி, விளக்கெண்ணெய் விட்டு வெயிலில் காய வைக்கும் தாளிப்பு வடகம் நம் கடைச் சரக்கு. அதுவே புதுச்சேரி வழியாகப் பிரான்சு போய், ‘வாதுவான்’ என்ற பெயரில் மசாலாவாக விற்கிறது. வெண்ணெயில் கலந்து மீனுக்கும் கறிக்கும் சேர்க்கிறார்கள். நாம் பேப்பரில் மடித்துக் கொடுப்பதை அவர்கள் குப்பியில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்கிறார்கள்.

இங்கே நிலைமை என்ன? காசிமேட்டு மீனும் கல்மண்டபம் மார்க்கெட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மெஸ்களும் பிரியாணிக் கடைகளும் செல்போனில் பெரிய கம்பெனிகளிடம் சரக்கு கேட்கத் தொடங்கிவிட்டன. விலையில் நாம் கம்பெனியோடு மோத முடியாது. ஆனால் “ஜி.எஸ்.டி. பில் வேண்டும்” என்ற காரணத்துக்குப் பதில் இருக்கிறது. 5 சதவீத வரி கட்டும் உணவகம், வாங்கிய சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரியிடம் வாங்குவதால் வரி வகையில் அவருக்கு நஷ்டம் இல்லை. இதை ஓட்டல்காரரிடம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். உரிய பில்லும் தவறாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்றது நம் கையில் இருக்கிறது. பருப்பைப் புடைத்துக் கொடுப்போம். வடகப் பொட்டலத்தில் எடையும் தேதியும் எழுதுவோம். சொத்தையானதை முகம் சுளிக்காமல் மாற்றித் தருவோம். கணக்கை வாரம் ஒருமுறை முடித்துக்கொள்வோம். கடன் வளர்ந்தால் சரக்கும் போகும், வாடிக்கையும் போகும். கம்பெனி லாரி மூட்டை மூட்டையாக இறக்கும். அவசரத்துக்குக் காலை ஆறு மணிக்குக் கால் கிலோ வடகம் தராது. பக்கத்து மெஸ்ஸில் அடுப்பு எரிந்தால்தான் நம் தராசு ஆடும். உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.