உன் குணம் என்ன என்று கேட்பது யார்?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். "அண்ணா, நான் ஐஎன்எஃப்பி. ஒதுங்கியே இருக்குற டைப். அதான் சூப்பர்வைசர்கிட்ட பேச்சு வர மாட்டேங்குது."

சிப்காட் ஆலை ஒன்றில் ஐந்தாண்டாக ஒப்பந்தத் தொழிலாளி அவர். பேசினால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அவருக்கே தெரியும். ஊர்த்தெருவில் தன் அப்பா குரலை உயர்த்திப் பேசி அவர் பார்த்ததே இல்லை. அந்த அச்சத்துக்கு நான்கு எழுத்தில் பெயர் கிடைத்ததும், ஆலையும் ஊரும் தப்பித்துக்கொண்டன. குற்றம் அவர் குணத்தின் மேல் விழுந்தது.

மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை உருவாக்கிய கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். கார்ல் யூங் 1921இல் எழுதிய நூல்தான் அவர்களுக்கு அடிப்படை. சில வாரம் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சோதனையை விற்கும் நிறுவனமே சொல்கிறது. இசபெல் 1934இல் ஒரு நாவல் வெளியிட்டார். தங்கள் உடம்பில் கறுப்பின ரத்தம் ஓடுவதாக நம்பும் வெள்ளைக் குடும்பத்தார் அதில் தற்கொலை செய்துகொள்கிறார்கள்.

மனிதரை வகை பிரிப்பது நமக்குப் புதிதா என்ன? நான்கு வருணங்களும் குணத்தையும் கருமத்தையும் வைத்துப் பிரிக்கப்பட்டவை என்கிறது கீதை. "பிறப்பால் அல்ல, குணத்தால்" என்று இன்றும் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதைத்தான் உடைத்தார். ஒவ்வொரு மனிதரும் தனித்தன்மை கொண்டவர், விரல்விட்டு எண்ணும் சில வகைகளுக்குள் அவர்களை அடைக்க முடியாது என்றார். 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டமோ, பிறக்கும் குழந்தைக்கே குற்றக் குணத்தைச் சூட்டியது.

திருவள்ளூர் மாவட்ட அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர்கள் கொத்தடிமைகளாகக் கிடந்ததை அறிவோம். "அவங்க பயந்த சுபாவம்" என்பார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது சுபாவம் அல்ல, முன்பணம். தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தபோது தலித் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அவர்கள் என்ன டைப் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பறிபோகும் நிலம் அவர்களை ஒன்றுசேர்த்தது.

தன்னை அறிந்துகொள்ள விரும்புவதில் தவறில்லை, தோழர்களே. ஆனால் எந்தத் தெருவில் பிறந்தோம், யார் முன்னால் நம் குரல் தணிகிறது, யார் முன்னால் உயர்கிறது, அதனால் ஆதாயம் யாருக்கு என்று கேட்காத சோதனை நம்மைப் பற்றி எதையும் சொல்லாது. ஆதிக்க சாதியில் பிறந்த தோழர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. உங்கள் "தலைமைப் பண்பு" எங்கிருந்து வந்தது?

தம்பி, நீங்கள் ஒதுங்கியவர் அல்ல, ஒதுக்கப்பட்டவர். சூப்பர்வைசரிடம் தனியாகப் பேச அச்சமாக இருந்தால், பத்துப் பேராகப் போய்ப் பேசுங்கள்.