சொல்தா வீட்டுக் கார்

புதுச்சேரியில் சொல்தா குடும்பம் எதுவானாலும் அந்த வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பின்னால் நாலு மாடிக் குடியிருப்பு. தரையில் பனி. நடுவில் ஒரு கார். அது பெஜோ 404 ஆக இருக்கும், இல்லையென்றால் ரெனோ 12. கையிருப்பு குறைந்தவர் என்றால் ரெனோ 4. காரை ஒட்டி, பட்டுப்புடவைமேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு அந்த வீட்டு அம்மாவோ பாட்டியோ நிற்பார்.

நான் ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு குப்பை கொட்டிய குமாஸ்தா. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் தேதி எங்கே, கையொப்பம் எங்கே என்றுதான் கண் போகும். இந்தப் படங்களிலும் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. அந்த அம்மாள் நிற்பது எப்போதும் காரின் வலப்பக்கம். நம்மூர்ப் பழக்கத்தில் பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டுகிறவர் கதவு போலத் தெரியும். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். அவர் நிற்பது பக்கத்து இருக்கைக் கதவு. ஆல்பம் முழுக்க, வருஷம் முழுக்க, மாற்றலாகிப் போன ஊரெல்லாம் அதே கதவு.

"அந்தக் காலத்திலேயே எங்க வீட்டுல கார் இருந்தது" என்று கல்யாண வீடுகளில் பேசுகிறார்கள். இருந்தது, மறுக்கவில்லை. யாருக்கு இருந்தது என்பதுதான் என் கேள்வி. கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஒப்சியோன் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடிமக்களாக நின்றவர்களின் கதையை இங்கே விரிக்க வேண்டாம், படிக்கிற உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டாளத்தில் சேர்ந்த நம் பிள்ளைகளில் பலர் பிரான்சோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் தென்மேற்கில் பிரெஞ்சுப் படைகள் தங்கின. தலைமையகம் பாடன்-பாடன். ஃப்ரைபர்க், லாண்டாவ், ஆஃபன்பர்க், ட்ரியர் என்று ஊருக்கு ஊர் கஸெர்ன். 1990களில் பெரும்பகுதி திரும்பி வரும்வரை அங்கே பிரெஞ்சுப் பள்ளி, பிரெஞ்சுக் கடை, பிரெஞ்சுக் குடியிருப்பு எல்லாம் இருந்தன. என் அக்கா 1974 முதல் நான்கு வருஷம் ட்ரியரில் இருந்தாள். ஜெர்மானியர் ட்ரியர் என்பார்கள், நம் சொல்தாக்கள் ட்ரேவ் என்பார்கள். மோசல் ஆற்றங்கரையில் ரோமானியர் கட்டிய கருத்த கோட்டைவாசல் இன்னும் நிற்கிற ஊர். லக்ஸம்பர்க் எல்லை கிட்டத்திலேயே. கார் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நாட்டில் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

மாமா 1975இல் தவணையில் ரெனோ 12 வாங்கினார். வெளிர்நீலம். அந்த வண்டியைப் பற்றி அவர் எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். கல்யாணம் நிச்சயமானபோதுகூட அவ்வளவு எழுதவில்லை. அவர் பெர்மி எடுத்த கதை சுலபமானது. பட்டாளம் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது, இராணுவ ஓட்டுநர் சான்று கொடுத்தது. அந்தச் சான்றைக் காட்டி சிவில் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு பிராங்க் பள்ளிக் கட்டணம் இல்லை. சொல்தாவுக்கு அரசாங்கமே வாத்தியார். சொல்தாவின் மனைவி மட்டும் ஓட்டுநர் பள்ளிக்குப் போய், கைக்காசைக் கட்டி, விதித்தேர்வும் சாலைத்தேர்வும் எழுத வேண்டும். அந்தப் பணம் வீட்டுக் கணக்கில் எப்போதும் மிஞ்சாது. காரின் தவணைக்கு மட்டும் மிஞ்சும்.

1976 ஜனவரியில் மாமா மூன்று வாரப் போர்ப் பயிற்சிக்குப் போயிருந்தார். பட்டாள லாரியில் போனார், ஆகவே கார் வீட்டு வாசலில் நின்றது. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. அக்காவின் மூத்த பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு கண்டுவிட்டது. அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தொலைபேசி கிடையாது, கஸெர்ன் வாசல் காவலறைக்குத்தான் ஓட வேண்டும். பேருந்து நின்றுபோன நேரம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடப்பதா, தனியாக விட்டுவிட்டுக் காவலறைக்கு ஓடுவதா என்று படிக்கட்டில் நின்றவள், கடைசியில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். பிரெத்தாஞ் பக்கத்துக்காரி, அவள் புருஷனும் அதே பயிற்சிக்குப் போயிருந்தான். அவள் இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, அக்கா கையிலிருந்த சாவியை வாங்கி, எங்கள் மாமாவின் ரெனோ 12ஐயே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். பிள்ளை பிழைத்தது. இன்று அவனுக்கே பேரன் இருக்கிறான்.

அக்கா எனக்கு எழுதிய கடிதத்தில் வலிப்பைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் அந்தப் பெண் கியர் மாற்றியதைப் பற்றி. "தம்பி, அவ என்னைவிட மூணு வயசு சின்னவ. நம்ம வண்டிதான். அவளுக்கு முன்னபின்ன பழக்கமே இல்ல. உட்கார்ந்தா, கண்ணாடியத் திருப்பினா, போயிட்டா." எத்தனை முறை படித்தாலும் அந்த 'நம்ம வண்டிதான்' என்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மாமா கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுப்பார். பயிற்சி முடிந்து வந்து கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். அக்காவை ஓட்டுநர் பள்ளியில் சேர்க்கவில்லை. ஏன் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "அவளுக்கு எதுக்குடா?" என்றார். நடந்ததை அவர் மறந்துவிடவில்லை, அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்படித்தான் நல்ல மனிதர்களும் இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெட்டவர்களைத் திட்டுவதற்கு நான் எதற்கு?

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். பட்டாளம் சம்மதிக்காது என்பது முதலாவது. வெளிநாட்டில் தங்கும் படைகளின் நிலை பற்றி நேட்டோ நாடுகள் லண்டனில் 1951 ஜூன் 19இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை பிரெஞ்சு மூலத்திலேயே படித்துப் பார்த்தவன் நான். பிரெஞ்சில் படித்ததற்கு இப்படியும் ஒரு பயன். படையாள் தன் சொந்தக் காரைச் சுங்க வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுவரலாம் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. யாருடைய உபயோகத்துக்கு? அவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும். சார்ந்தவர் என்றால் மனைவியும் பிள்ளைகளும். அந்த நாட்டில் அதைச் சாதாரணமாக விற்கவோ தானம் கொடுக்கவோ கூடாது, திரும்பக் கொண்டுபோகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஜெர்மனிக்கென்று 1959இல் பானில் போட்ட துணை ஒப்பந்தம், படையாளின் குடும்பத்தார் தம் நாட்டு அதிகாரத்திடம் வாங்கிய உரிமத்தையும் அங்கே செல்லும் என்று ஏற்கிறது. ஆக, ஏழெட்டு நாட்டு அரசாங்கங்கள் மேசையில் உட்கார்ந்து அக்காவுக்கு ஒத்துக்கொண்டதை வீட்டுச் சமையலறையில் ஒத்துக்கொள்ளவில்லை.

பாஷை தெரியாதே என்பது இரண்டாவது. சிரிப்புத்தான் வருகிறது. அக்கா குளூனி கன்னியரிடம் பிரெஞ்சில் படித்தவள். கஸெர்னிலிருந்து வரும் காகிதத்தை மாமாவுக்கு அவள்தான் வாசித்து அர்த்தம் சொல்வாள். விதித்தேர்வு பிரெஞ்சில்தானே?

அந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் என்பது மூன்றாவது. இதைச் சொல்கிறவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் அப்படி இருந்ததை மறந்துவிடுகிறார்கள். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் பிரான்சிலேயே 1965 ஜூலை 13ஆம் தேதிச் சட்டம் வர வேண்டியிருந்தது. பதினொரு வருஷத்துக்குள் அந்தக் கீழ்வீட்டுக்காரி நடுராத்திரியில் அடுத்தவன் காரை ஓட்டினாள். காலம் அவளுக்கு நகர்ந்தது. அதே படிக்கட்டில், ஒரு மாடி மேலே, நகரவில்லை.

நம்மவர்களிலும் நகர்ந்தவர்கள் உண்டு. அதே ட்ரியரில் குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி, புருஷன் முகம் சுளித்தும் விடாமல் பள்ளிக்குப் போய், முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை பெர்மி வாங்கினாள். பிற்பாடு பிரான்சில் ஆஸ்பத்திரி இரவு வேலைக்குப் போனாள். முதல் பேருந்து வருவதற்கு முன் வேலை முடியும், ஆகவே கார் இல்லாமல் அந்த வேலை கிடைத்திருக்காது. இன்றைக்கு அவளுக்குத் தன் பெயரில் பொன்சியோன் வருகிறது. என் அக்காவுக்கு வருவது மாமாவின் பொன்சியோனில் விதவைக்கான பங்கு. வித்தியாசம் எத்தனை யூரோ என்று நான் கேட்டதில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் அப்படி இருக்கிறார்கள் என்பீர்கள். போன மாசம் வந்தான் ஒரு பையன், உறவுக்காரன், பட்டாளத்தில் இருக்கிறான். ரெயூனியன் தீவுக்கு மாற்றல், குடும்பத்தோடு. அங்கே கார் வாங்கப் போகிறானாம், கைபேசியில் படம் காட்டினான். விவரமான பையன்தான். பிரான்சிலிருந்து கப்பலில் ஏற்றுவதா, அங்கேயே வாங்குவதா என்று கணக்குப் போட்டிருந்தான். தீவுக்குள் வரும் சரக்குக்குக் கடல்வரி என்று ஒன்று உண்டு, புது வண்டி விலை ஏறிவிடும். அதனால் மாற்றல் முடிந்து திரும்புகிற படையாளிடம் பழைய வண்டியை வாங்கி, தான் திரும்பும்போது அடுத்து வருகிறவனுக்கு விற்றுவிடப் போகிறான். நல்ல யோசனை. கஸெர்ன் உள்ள ஊர்களிலெல்லாம் நடப்பதுதான். வாங்கும்போது தொழில்நுட்பப் பரிசோதனைச் சீட்டு ஆறு மாதத்துக்கு உட்பட்டதா பார்த்துக்கொள் என்றேன். கடற்காற்றில் அடித்தகடு துருப்பிடித்திருக்கும், குனிந்து பார் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு, "உன் பெண்டாட்டிக்குப் பெர்மி இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு எதுக்கு தாத்தா, நான்தான் இருக்கேனே" என்றான்.

மாமாவிடம் கேட்ட வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. நீ எங்கே இருக்கப் போகிறாய்? மயோத்துக்கு அனுப்பினால் மயோத்தில் இருப்பாய். கப்பலில் போட்டால் கப்பலில் இருப்பாய். அவள் மலைச்சரிவில் ஏதோ ஒரு குடியிருப்பில், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வைத்தியர் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று, வாசலில் நிற்கிற உன் காரைத் துடைத்துக்கொண்டு இருப்பாள். புயல்காலத்தில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் யாரும் வெளியே போகக்கூடாது. அதற்கு முன்னால் தண்ணீரும் பால்மாவும் யார் போய் வாங்கி வருவது?

காப்பீட்டிலும் இந்த வினை தொடர்கிறது. பிரெஞ்சு முறையில் விபத்தில்லாமல் ஓட்டும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணம் குறையும், பதின்மூன்று வருஷத்தில் பாதியாகும். அந்தச் சலுகை பத்திரத்தில் ஓட்டுநராகப் பெயர் உள்ளவருக்குத்தான் சேரும். பெயரே இல்லாதவள் ஐம்பது வயதில் தனியாக நின்று பத்திரம் எடுக்கப் போனால், பதினெட்டு வயதுப் பையனைப் போலப் புது ஓட்டுநர் என்று கூடுதல் பணம் கேட்பார்கள்.

அந்தப் பையன் செலவு பற்றி முனகினான். கணக்குப் போட்டுக் காட்டினேன், அது என் தொழில். விதித்தேர்வுக்கு 30 யூரோ, நாற்பது கேள்வியில் முப்பத்தைந்து சரியாக இருக்க வேண்டும். அந்தப் பெண் கணக்கில் எம்.எஸ்சி., அவளுக்கு இது ஒரு பொருட்டா? ஓட்டுப் பயிற்சி சட்டப்படி குறைந்தது 20 மணி நேரம். அதுவே ஆட்டோமேட்டிக் வண்டிக்கு என்றால் 13 மணி நேரம் போதும். ஆகவே ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார், பயிற்சிச் செலவு குறையும், காப்பீட்டில் அவள் பெயரையும் எழுது என்றேன். ஆட்டோமேட்டிக் விலை கூட என்றான். அவன் காட்டிய படத்தில் அலுமினியச் சக்கரம், கூரை ஜன்னல், தோல் இருக்கை எல்லாம் இருந்தன. அவற்றை விட்டால் என்ன மிச்சமாகும் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. அவன் மனைவி மட்டும் நேற்று கைபேசியில் கூப்பிட்டாள். எந்தப் பள்ளியில் சேரலாம் தாத்தா என்று கேட்டாள்.