கரையிலும் ஒரு கடல் தொழில்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

"படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாய்?" என்று நம் கல்லூரி மாணவரில் எவரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "தேர்வாணையத் தேர்வு எழுதப் போகிறேன்." நல்ல விடைதான். அரசுப் பணியால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நம் நாட்டில் எண்ணற்றவை. ஆனால் நான்காம் தொகுதித் தேர்வை எழுதுவோர் இலட்சக்கணக்கில். நிரப்பப்படும் இடங்களோ ஆயிரக்கணக்கில். இடம் பெற்றவரை மனமார வாழ்த்துவோம். மற்றவர் கதி என்ன? அடுத்த தேர்வு, அதற்கடுத்த தேர்வு என்று வயது ஏறும்வரை காத்திருப்பதா? நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

நாகை மாவட்டத்துக் கடலோரத்தில் வாழும் நமக்குக் கண்ணெதிரே ஒரு தொழில் காத்திருக்கிறது. கடலுக்குப் போகும் தொழிலை நான் சொல்லவில்லை. கடலுக்குப் போகும் படகுகளுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் தொழிலைச் சொல்கிறேன். கயிறு, நங்கூரம், மிதவை, விளக்கு, பேட்டரி, என்ஜின் உதிரிகள், போல்ட்டு நட்டு, ரெசின், பெயின்ட், உயிர்காப்புச் சட்டை என அப்பட்டியல் நீளும். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இத்தகைய கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றின் கல்லாவில் ஒரு பட்டதாரியை, அதுவும் கடலோடிக் குடும்பத்தில் பிறந்த ஒரு பட்டதாரியை நான் இதுவரை கண்டதில்லை. படகு நம்முடையது, உழைப்பு நம்முடையது, படகுக்கு ஆணி விற்கும் இலாபம் மட்டும் ஏன் நம்முடையதாக இல்லை?

கட்டுமரம் போனது, கடை வந்தது

முன்னாளில் கட்டுமரத்துக்குக் கடை வேண்டியதில்லை. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் அதுவே கலம். ஆணியும் இல்லை, என்ஜினும் இல்லை. உலகமே இன்று இரட்டை உடல் கொண்ட படகை 'கேட்டமரான்' என்று அழைக்கிறது. அச்சொல் நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். சொல்லைக் கொடுத்தவர் நாம். அப்படகுகளை விற்றுப் பொருள் ஈட்டுபவர் வேறு எவரோ!

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. கட்டுமரங்களும் வள்ளங்களும் நொறுங்கின. அதன்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் வழங்கிய படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அன்று தொடங்கிக் கரையின் தோற்றமே மாறிவிட்டது. ஃபைபர் படகு உடைந்தால் கயிறு போதாது. கண்ணாடி இழை மேட் வேண்டும், ரெசின் வேண்டும், அதை இறுகச் செய்யும் மருந்து வேண்டும். என்ஜின் இருந்தால் ஆயில், பெல்ட்டு, புஷ், விசிறி என்று மாதந்தோறும் ஏதேனும் ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கும். ஜி.பி.எஸ். கருவி இருந்தால் பேட்டரி வேண்டும். ஆக, கட்டுமரக் காலத்தில் இல்லாத ஒரு சந்தை இருபது ஆண்டுகளுக்குள் நம் வாசலில் உருவாகி நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து எண்ணற்ற படகுகளை உடைத்தபோதும், முதலில் தேவைப்பட்ட பொருள்களுள் ரெசினும் மேட்டும் இருந்தன.

ஆய்வுக்கூடமும் அங்காடியும்

"கடை வைக்கப் பட்டம் எதற்கு?" என்று கேட்பார் உண்டு. வேறு கடைக்கு எப்படியோ, இந்தக் கடைக்குப் பட்டம் வேண்டும் என்பது என் துணிபு. காரணத்தைச் சொல்கிறேன்.

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு இரும்பை அரிப்பது யாவரும் அறிந்தது. துருப்பிடிக்காத எஃகையும் அது விட்டுவைப்பதில்லை என்பது பலரும் அறியாதது. 304 எனப்படும் எஃகும் 316 எனப்படும் எஃகும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பளபளப்பிலும் எடையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் 316-இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் கடல்நீரில் அது நெடுநாள் தாங்கும். 304-இல் ஊசி குத்தியது போன்ற துளைகள் விழும். விலை குறைந்ததை விலை உயர்ந்தது என்று விற்றால் வாங்குபவருக்குத் தெரியாது. நடுக்கடலில் போல்ட்டு முறியும்போதுதான் தெரியும்.

பித்தளைக் குழாயும் அப்படியே. உப்புநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேற, வலுவற்ற செம்பு மட்டும் பஞ்சு போல் மிஞ்சும். அதே துத்தநாகம் இன்னோரிடத்தில் காவலனாக நிற்கிறது. எஃகுத் தண்டின் அருகே பொருத்தும் சிங்க் கட்டை தான் கரைந்து எஃகைக் காக்கிறது. இத்தத்துவத்தை ஹம்ப்ரி டேவி 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காப்பதற்காக ஆராய்ந்தார். மின்வேதியியல் பாடத்தில் நாம் மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போடுவது இதைத்தான்.

கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் நீரைவிடச் சற்றே கனமானது, ஆதலால் மூழ்கும். இழுத்தால் நீண்டு கொடுத்து அலையின் அதிர்ச்சியைத் தாங்கும், நங்கூரத்துக்கு ஏற்றது. பாலிபுரோப்பிலீன் நீரைவிட இலேசானது, மிதக்கும். ஆனால் வெயிலின் புறஊதாக் கதிரில் நாளடைவில் நைந்துபோகும். மிதக்கும் கயிற்றைக் கண்ட இடத்தில் விட்டால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். எந்த வேலைக்கு எந்தக் கயிறு என்று சொல்லி விற்பவரே உண்மையான வியாபாரி.

எல்லாவற்றினும் முக்கியமானது ரெசின். அதனுடன் சேர்க்கும் மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடும், கோபால்ட் முடுக்கியும் தனித்தனியே ரெசினில் கலக்கப்பட வேண்டியவை. ஒன்றோடொன்றை நேரே கலந்தால் தீப்பற்றும்; வெடிக்கவும் கூடும். இவ்வெச்சரிக்கை தகரத்தின் மேல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. படகுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளிக்கு அதைத் தமிழில் சொல்வது யார்? கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் வேதியியல் படித்தவராக இருந்தால் வேண்டா என்பார் யார்?

கடன் என்னும் சுழல்

இத்தொழிலில் இன்பமே நிறைந்திருக்கிறது என்று கதைக்க நான் வரவில்லை. இதன் பெரிய இடர் கடன். அதைக் கணக்கோடு பார்ப்பது நன்று.

ஒரு இலட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, நூற்றுக்குப் பதினைந்து இலாபம் வைத்து விற்பதாகக் கொள்வோம். முழுதும் விற்றால் 1,15,000 ரூபாய். இதில் 15,000 ரூபாய் திரும்பவில்லை என்றால் இலாபம் முழுதும் போயிற்று. அதாவது ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர் கைவிரித்தாலே நாம் உழைத்தது வீண். வாடகையையும் வட்டியையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை!

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில்தான் படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படும், பெயின்ட் அடிக்கப்படும். கடையில் சரக்கு அதிகமாகப் போகும் காலம் அதுவே. வாங்குவோர் கையில் காசில்லாத காலமும் அதுவே. ஆகவே தடைக்காலத்தைத் தாங்கும் அளவுக்கு முதலைப் பிரித்து வைக்காதவர் இக்கடையைத் திறக்காமலிருப்பதே மேல்.

கடன் தரமாட்டேன் என்று பலகை மாட்டிவிடலாமே என்பீர்கள். அப்படிச் செய்தால் அண்டை வீட்டுக்காரரே நம் கடைக்கு வரமாட்டார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் கடை நிலைக்காது. முன்பணம் கொடுத்துப் படகுக்காரரின் மீனைத் தமக்கே விற்குமாறு கட்டிப்போடும் வழக்கம் பல துறைகளில் இருக்கிறது. நம் கடை அத்தகைய இன்னொரு சுருக்குக் கயிறாகிவிடக் கூடாது. சரக்கில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கடன் இல்லை. யார் கணக்கும் மறைவு இல்லை. கடனுக்கு ஈடாக மீன் கேட்பதில்லை. இம்மூன்றையும் விதியாகக் கொண்டு நால்வர் கூட்டாகத் தொடங்கினால் நிலைத்து நிற்கலாம் என்று நம்புகிறேன். முதலுக்கு வழியே இல்லை என்பதற்கும் இல்லை. 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான கடன் ஒரு படி; அதற்குமேல் ஐந்து இலட்சம் வரை அடுத்த படி. பிணைச் சொத்து கேட்கப்படுவதில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் படிகளை ஏறிக் கேட்பதற்குக் கூச்சம் ஒன்றுதான் தடை.

பெண் கடை வைப்பதா?

என் தந்தையார் பிறர் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி. தாயார் கூடையில் மீன் விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த எண்ணத்தை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: "கடையில உக்காரவா உன்னப் படிக்க வச்சோம்? அதும் ஆம்பளைங்க வந்து போற எடத்துல?"

அக்கேள்வியை நான் இலேசாகக் கருதவில்லை. வெயிலில் நடந்து தேய்ந்த கால்களிலிருந்து வந்த கேள்வி அது. தான் பட்டதை மகள் படக்கூடாது என்பதே அதன் பொருள். ஆயினும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். விடியுமுன் ஏலக் கூடத்தில் ஆண்களுக்கு நடுவே நின்று, குரல் உயர்த்தி விலை பேசி, பத்து வீட்டுக் கடனை ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் எழுதி வைத்து, வட்டி கட்டி, எங்களையும் வளர்த்தவர் யார்? நம் குப்பத்துத் தாய்மார்கள் அல்லவா? வாணிகம் நம் பெண்களுக்குப் புதிதன்று. நிழலும் நாற்காலியும் கணக்கேடும்தான் புதிது. படிப்பு எனக்குத் தரக்கூடியது அவற்றைத்தான் என்றால், அது தாழ்வாகுமா?

உயிர்காப்புச் சட்டையை எண்ணும்போது இது எனக்கு மேலும் உறுதிப்படுகிறது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் குமரி மாவட்டத்துக் குடும்பங்களை எப்படிக் கலங்கடித்தது என்பதை நாடறியும். இருந்தும் 'வேலைக்கு இடைஞ்சல்' என்று சொல்லிச் சட்டையைப் படகின் மூலையில் போட்டு வைப்போர் நம்மிடையே பலர். ஒரு தந்தையிடமோ அண்ணனிடமோ "இதைப் போட்டுக்கொண்டு போங்கள்" என்று வற்புறுத்திச் சொல்லும் உரிமை, கரையில் காத்திருக்கும் பெண்ணைவிட யாருக்கு உண்டு?

கல்லூரி செய்யக்கூடியது

இறுதியாகப் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வேதியியல் துறையின் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் விற்கும் போல்ட்டுகளையும் கயிறுகளையும் உப்புநீரில் இட்டுச் சோதித்து முடிவைப் பலகையில் எழுதி வைக்கலாம். வணிகவியல் மாணவர்கள் சிறு கடைக்கு ஏற்ற கணக்கேடு ஒன்றை வகுத்துத் தரலாம். தமிழ்த் துறையினர் ரெசின் தகரத்திலுள்ள எச்சரிக்கைகளை எளிய தமிழில் எழுதித் துண்டறிக்கையாக்கலாம். 2012 முதல் நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஒரு நாள் அங்கு சென்று கேட்டறியலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

தோழர்களே! எல்லாரும் கடை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு துறைமுகம் நூறு கடைகளைத் தாங்காது. தேர்வு எழுதுவோர் எழுதுங்கள். நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளைத் திண்ணையில் கழிப்பதா, கல்லாவில் கழிப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாம். நம் பெற்றோர் கடலில் விட்ட உழைப்பின் ஒரு பங்காவது கரையில் நம் பெயரால் நிற்கட்டும். அந்தக் கடையில் 304-ஐ 316 என்று விற்காத ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். அரசு நம்மைப் படிக்க வைத்ததற்கு அதுவும் ஒரு கைம்மாறே.