சாடித் தோட்டம்: மண்டபத்துத் தேசிமரம் பட்டுப்போன கதை



இவ்விதழ் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது செப்ரெம்பர் பிறந்திருக்கும். வெயில் இன்னும் இருக்கிறதே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரொறன்ரோவின் இரவுகள் குளிரத் தொடங்கிவிடும். வெளியே வைத்திருக்கும் தேசி, கறிவேப்பிலை, கொய்யா, வாழைச் சாடிகளை எப்போது உள்ளே எடுப்பது, எங்கே வைப்பது என்று இந்தப் பகுதியில் ஆண்டுதோறும் எழுதி வருகிறேன். இம்முறை அதையே ஒரு குற்ற ஒப்புதலாக எழுத வேண்டியிருக்கிறது. நம் மண்டபத்து வாசலில் நின்ற தேசிமரம் சென்ற பெப்ரவரியில் பட்டுப்போனது. அதற்கு நாமெல்லோரும் பொறுப்பு. தோட்டப் பகுதி எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பங்கு கூட.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அந்த மரத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மூத்த அங்கத்தவரான அம்மையார் ஒருவர், கடையில் வாங்கிய சின்னத் தேசிக்காயின் விதையைத் தயிர்ப் பேணியில் ஊன்றி முளைக்க வைத்த மரம் அது. தமிழ்நாட்டு அன்பர்கள் எலுமிச்சை என்று வாசித்துக்கொள்க. ஆறாம் ஆண்டில் பூத்தது. அதன்பின் ஆண்டுக்கு முப்பது, நாற்பது காய் தரத் தவறியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நம் மண்டபத்துக்கு வந்த தேசிக்காய்களில் பல அந்தச் சாடியில் காய்த்தவையே. சென்ற ஆண்டு ஒக்ரோபரில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தது. அங்கே மரம் வைக்க இடமில்லை. 14 வயது மரத்தையும் அதில் கடைசியாக நின்ற காய்களையும் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு குளிர்காலத்தைக்கூட அது நம்மிடம் தாண்டவில்லை.

என்ன நடந்தது?

பலர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். நாம் பலர் கூடியதில் மரம் செத்துவிட்டது.

அழகாக இருக்கட்டும் என்று மரத்தை வாசற் கதவருகே, தெற்குப் பார்த்த பெரிய யன்னலோரம் வைத்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று சாடியில் அடித்தது. செலவைக் குறைப்பதற்காக மண்டபத்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே 21 பாகைக்குச் சூடாக்குகிறோம். மற்ற நாட்களில் 12 பாகை. அது செயற்குழுவின் சரியான முடிவு. ஆனால் அதை மரத்துடன் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

தேசி இனத்து வேர்கள் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே வேலையை நிறுத்திவிடும். அப்போது தண்ணீரை மேலே அனுப்பும் வலு அவற்றுக்கு இல்லை. சாடி குளிர்ந்து கிடக்க, கண்ணாடி வழியே வரும் வெயிலில் இலை மட்டும் சூடாகித் தண்ணீர் கேட்கும். வேரால் கொடுக்க முடியாது. மரம் தன் உயிரைக் காக்க இலையை உதிர்க்கும். டிசம்பரில் நாம் கண்ட இலையுதிர்வு இதுதான்.

உதிர்ந்த இலையைப் பார்த்த நாம் மரம் தாகத்தில் நிற்கிறது என்று முடிவு செய்தோம். பூசைக்கு வந்த ஒவ்வொருவரும் கை கழுவிய பின் ஒரு செம்பு தண்ணீர் விட்டோம். ஒருவர் விட்டது மற்றவருக்குத் தெரியாது. சாடியின் வெளியே வேலைப்பாடுள்ள இன்னொரு சாடி இருந்ததால், அதன் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கியதை யாரும் காணவில்லை. வேருக்கும் காற்று வேண்டும். நின்ற நீரில் அது மூச்சுத் திணறும். ஜனவரியில் ஓர் அன்பர் நல்ல மனத்துடன் பசளை போட்டார். நானோ அதைவிடப் பெரிய சாடிக்கு மாற்றினேன். நோயாளிக்கு விருந்து வைத்த கதைதான். இலையில்லாத மரத்தைச் சுற்றி ஈரமண் இன்னும் கூடியது. பெப்ரவரியில் தட்டிப் பார்த்தபோது வேர்கள் பழுப்பு நிறமாகி, இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வந்தன. சேற்று நாற்றம் அடித்தது.

இலை உதிர்ந்த அன்றே நகத்தால் பட்டையைச் சற்றுக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். பச்சை இருந்திருக்கும். தண்ணீரை நிறுத்தி, சாடியைக் கதகதப்பான இடத்துக்கு மாற்றியிருந்தால் மார்ச்சில் மீண்டும் துளிர்த்திருக்கலாம்.

உள்ளே எடுக்கும் காலம்

இரவு வெப்பநிலை 10 பாகைக்கு இறங்கும் காலமே நல்ல காலம். நம் நகரத்தில் அது பெரும்பாலும் செப்ரெம்பர் பிற்பகுதி. ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளில் ஒக்ரோபர் முற்பகுதியிலேயே உறைபனி விழக்கூடும். ஏரிக்கரையில் சற்றுப் பிந்தும். வீட்டுச் சூடாக்கி ஓடத் தொடங்கும் முன்பே உள்ளே எடுத்துவிட்டால், வெளிக்காற்றுக்கும் உட்காற்றுக்கும் வேறுபாடு குறைவாக இருக்கும்போதே இலைகள் பழகிக்கொள்ளும்.

எடுக்கும் முன் இலைகளின் மேலும் கீழும் இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப் பேன். சூடாக்கியின் வறண்ட காற்றில் அவை வெகு விரைவாகப் பெருகும். செடிகளுக்கென விற்கும் சவர்க்காரக் கரைசலை வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை தெளித்தால் அடங்கும். தண்டில் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியை மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

இடமும் ஒளியும்

யாழ்ப்பாணத்தில் மார்கழியின் மிகக் குறுகிய பகலும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவில் அது ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. அதிலும் பாதி நாள் முகில் மூடியிருக்கும். ஆகவே தெற்கு யன்னல் கிடைத்தாலும் மரத்துக்கு மேலே ஓர் அடி உயரத்தில் எல்.ஈ.டி. விளக்கொன்றைத் தொங்கவிட்டு, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். சாடியைக் குளிர்ந்த நிலத்தில் நேரே வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். சூடாக்கியின் காற்றுவாய்க்கு நேரே வைக்க வேண்டாம். கதவருகே வைக்கவே வேண்டாம்.

விளக்கும் சூடாக்கியும் இல்லாத காலத்திலேயே ஐரோப்பியர் இதனைச் செய்து காட்டியிருக்கின்றனர். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டப்பட்ட தோடை மண்டபம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள், தோடையும் எலுமிச்சையும் மாதுளையும், மரப்பெட்டிகளில் நின்று ஒக்ரோபரில் உள்ளே போய் மே மாதத்தில் வெளியே வருகின்றன. அங்கே சூடாக்கி இல்லை. தடித்த சுவர்களும் தெற்குப் பார்த்த உயர்ந்த யன்னல்களும் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகாமல் காக்கின்றன. இலையும் குளிர்ந்து, வேரும் குளிர்ந்து, மரம் முழுவதும் ஒன்றாக உறங்குகிறது. நாமோ வாரத்தில் மூன்று நாள் எழுப்பி நான்கு நாள் உறங்க வைத்தோம். நம் தேசி தோடையைவிடக் குளிருக்கு அஞ்சும் இனம். ஆகவே நம் வீடுகளில் அதற்கு 18 பாகைக்கு மேலான மாறாத சூடே பொருத்தம்.

தண்ணீர்

கிழமை பார்த்துத் தண்ணீர் விடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் நுழையுங்கள். ஈரம் பட்டால் பேசாமல் திரும்பி விடுங்கள். காய்ந்திருந்தால், கை பொறுக்கும் இளஞ்சூட்டில், அடித்துளை வழியே வடியும் வரை விட்டு, வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் இது பத்து நாளுக்கு ஒருமுறையாகவும் இருக்கலாம், இரண்டு கிழமைக்கு ஒருமுறையாகவும் இருக்கலாம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை பசளை வேண்டாம். சாடி மாற்றுவதானால் வசந்தத்தில், இப்போதிருப்பதைவிட இரண்டு அங்குலம் மட்டுமே அகலமான சாடிக்கு மாற்றுங்கள்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. நம் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் காலப்போக்கில் இப்படி வரும். தேசி இனத்துக்கென விற்கும் பசளையில் கரையக்கூடிய இரும்பு சேர்ந்திருக்கும். மார்ச்சில் அதைக் கொடுக்கலாம். கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலை கொட்டினால் அஞ்ச வேண்டாம். அது அதன் உறக்கம். அப்போது தண்ணீரை இன்னும் குறையுங்கள்.

ஒரு வேண்டுகோள்

கோடை விடுமுறைக்கு ஊர் போய் வந்த அன்பர்கள் சிலர், பெட்டிக்குள் கன்று கொண்டுவந்ததாக மகிழ்ச்சியுடன் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அனுமதிப் பத்திரமின்றிக் கன்று கொண்டுவருவதும், ஊர் மண் ஒட்டிய வேருடன் கொண்டுவருவதும் கனடியச் சட்டப்படி குற்றம். அதற்குக் காரணமும் உண்டு. தேசி இனத்தைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். புளோரிடா மாநிலத்தில் அந்நோய் 2005 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அங்குள்ள தோடைத் தோட்டங்கள் பெரும் அழிவைக் கண்டன. நாற்றுமேடைகளில் கிடைப்பவையே நமக்குப் போதும்.

நான்கு கன்றுகள்

இனி நல்ல செய்தி. அம்மையார் மரத்துடன் கொடுத்த கடைசிக் காய்களில் ஒன்றின் விதைகளை என் மனைவி ஈரத்தாளில் சுற்றி வைத்து, முளைத்தபின் சாடியில் நட்டிருந்தார். எனக்கே அது மார்ச்சில்தான் தெரிந்தது. இன்று நான்கு கன்றுகள் சாணளவு உயரம் நிற்கின்றன.

விதைக்கன்று தாயைப்போல் இராது என்பது மாவுக்கும் தோடைக்கும் பொதுவாகச் சொல்லப்படுவது. இந்தச் சின்னத் தேசி அதற்கு ஒரு விலக்கு. இதன் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் கிளம்புவதை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றிற் பெரும்பாலானவை மகரந்தத்தின் கலப்பின்றித் தாய்மரத்தின் இழையிலிருந்தே உண்டாகின்றவை. எனவே இக்கன்றுகள் அநேகமாக அதே மரந்தான். காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டு பொறுக்க வேண்டும், அவ்வளவே.

மரம் பட்ட செய்தியை அம்மையாருக்குச் சொல்ல எனக்கு மே மாதம் வரை துணிவு வரவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் "மரம் எப்படி நிக்குது?" என்றுதான் முதலில் கேட்பார். "குளிர்தானே அம்மா, உறக்கம்" என்று சொல்லித் தப்பி வந்தேன். கடைசியில் கன்றுகளில் ஒன்றைக் கையில் கொண்டுபோய், நடந்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதுக்கு முதல் நான் மூண்டு மரம் சாக்காட்டினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கு இது முதலாவது" என்றார். பிறகு, "நாலையும் ஒரு இடத்தில வைக்காதேங்கோ. நாலு வீட்டில நிக்கட்டும். ஒரு சாடிக்கு ஒரு ஆள்தான் தண்ணி விடவேணும்" என்றார்.

அவருடைய சொற்படி ஒன்று அவரது அறை யன்னலிலேயே நிற்கிறது. இல்லத்தாரும் அதற்கு இசைந்தனர். அந்த ஒரு சின்னச் சாடிக்கு இடம் இருந்தது. மிகுதி மூன்றுக்கும் மூன்று குடும்பங்கள் தேவை. தெற்கு அல்லது மேற்குப் பார்த்த யன்னல் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர், ஒரேயொருவர், பொறுப்பேற்க வேண்டும். அது பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. விக்ரோறியா தின விடுமுறைக்குப் பின், அடுத்த கோடையில், சாடிகளை முதலில் ஒரு கிழமை நிழலிலும் பிறகு வெயிலிலும் வைக்க வேண்டும். முதற்காய் மண்டபத்துக்கு.

விரும்புவோர் இம்மாத வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் என்னைக் காணலாம். வரும்போது, கடைசியாக எப்போது ஒரு செடியைச் சாகவிட்டீர்கள், ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவரிடமே கன்றைக் கொடுப்பதாக உத்தேசம்.

அடுத்த இதழில், இலை உதிர்த்து இருட்டறையில் உறங்கும் அத்தியையும் மாதுளையையும் பற்றிக் காண்போம்.