பொதுத் தொகுதி யாருக்குப் பொது?

2018 அக்டோபர் 25. பதினெட்டு எம்.எல்.ஏ.க்களின் தகுதிநீக்கம் செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள். அன்று மாலை மேற்குத் தாம்பரம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. பதினெட்டில் இரண்டு தொகுதிகள் எங்களைச் சுற்றி இருப்பவை: திருப்போரூர், பூந்தமல்லி. 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்ததிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அவை காலியா இல்லையா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இழுபறியிலேயே ‘சீட்டு யாருக்கு’ என்ற கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது.

என் சித்தப்பா கேளம்பாக்கத்துக்காரர். கேளம்பாக்கம் திருப்போரூர் தொகுதிக்குள் வருகிறது. முப்பது வருடமாக ஒரு கட்சிக்குச் சுவர் எழுதியவர், வழக்கு வாங்கியவர். “நீங்க சீட்டு கேட்கலாமே சித்தப்பா?” என்றேன். சிரித்தார். “அது பொதுத் தொகுதிப்பா. நமக்குத்தான் பூந்தமல்லி இருக்கே.”

தான் வாழும் ஊரின் தொகுதி அவருக்கு இல்லை. எங்கோ இருக்கும் தனித் தொகுதிதான் ‘நமக்கு’. கட்சிகள் எழுதாமல் வைத்திருக்கும் விதியை அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார்கள்.

சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. மிச்சம் 188 தொகுதிகளில் யாரும் நிற்கலாம், தலித்தும் நிற்கலாம். 44 என்பது குறைந்தபட்ச உத்தரவாதம். கட்சிகளோ அதையே உச்சவரம்பாக்கி, 188ஐ ஆதிக்கச் சாதிகளின் பட்டா நிலம்போல நடத்துகின்றன. திருப்போரூருக்கு அந்த மாதங்களில் எத்தனையோ பெயர்கள் அடிபட்டன. ஒரு தலித் பெயர்கூட என் காதில் விழவில்லை.

தாம்பரம் அடங்கிய திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதி ஒருகாலத்தில் தனித் தொகுதி. திமுகவின் ஏ. கிருஷ்ணசாமி 1999, 2004 தேர்தல்களில் அங்கே வென்றார். 2008 மறுவரையறை அதைப் பொதுத் தொகுதியாக்கியது. இரண்டு முறை எம்.பி.யாக இருந்த அவர், 2019 ஏப்ரல் இடைத்தேர்தலில் சட்டமன்றத்துக்குப் போனது எந்தத் தொகுதியிலிருந்து? பூந்தமல்லி. தனித் தொகுதி.

“பொதுத் தொகுதியில் தலித் நின்றால் மற்ற சாதிக்காரர்கள் ஓட்டுப் போடமாட்டார்கள்” என்பது கட்சிகளின் நிரந்தரப் பதில். தனித் தொகுதிகளிலும் பெரும்பான்மை வாக்காளர்கள் தலித் அல்லாதவர்கள்தான், அவர்கள் போடுகிறார்களே என்றால், “அங்கே வேறு வழியில்லை” என்பார்கள். சரி, வேறு வழி இருந்த இடத்தைப் பார்ப்போம். ரங்கராஜன் குமாரமங்கலம் மறைந்ததால் 2001இல் திருச்சி மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அந்தப் பொதுத் தொகுதியில் அதிமுக நிறுத்தியது தலித் எழில்மலையை. பெயரிலேயே தலித் என்று சூடிக்கொண்ட அவர் ஜெயித்தார். இதை அதிமுகவுக்கான சமூகநீதிச் சான்றிதழாக நான் நீட்டவில்லை. நிறுத்தினால் ஜெயிக்கலாம் என்பதற்கு மட்டுமே சாட்சி.

இடைத்தேர்தலில் அந்தச் சாக்கு இன்னும் பலவீனமாகிறது. ஒரே தொகுதியில் அமைச்சர்கள் எல்லாம் முகாமிடுகிறார்கள். விக்கிரவாண்டியில் 2024இல் திமுகவின் வித்தியாசம் 67,757 வாக்குகள். ஈரோடு கிழக்கில் 2025இல் அதிமுக களத்திலேயே இல்லை, வித்தியாசம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. இவ்வளவு பாதுகாப்பான களத்திலும் ஒரு தலித்தை நிறுத்தத் துணியாதவர்கள் வேறு எப்போது துணிவார்கள்? தடுப்பது வாக்காளரின் சாதி மட்டுமல்ல, சீட்டுக் கொடுக்கும் மேசையின் சாதியும்தான்.

திருப்போரூரே இன்னொரு பதிலும் சொன்னது. 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி அங்கே பானைச் சின்னத்தில் வென்றது. குறைந்த வித்தியாசம்தான், கூட்டணி பலமும் இருந்தது. ஆனால் ‘சேரிக் கட்சி’ என்று ஏசப்பட்ட கட்சியின் சின்னத்தில் ஒரு பொதுத் தொகுதி விரலை அழுத்தியது.

ஒரு தொகுதி காலியாகும் என்ற பேச்சு கிளம்பியதுமே எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல் வாட்ஸப்பில் வருகிறது. முற்போக்காளர்களான நாமும் அதை ஃபார்வர்டு செய்கிறோம், ‘களநிலவரம்’ என்ற பெயரில். அடுத்த முறை அந்தப் பட்டியலுக்குப் பதில் ஒரு கேள்வியை அனுப்புவோம்: இந்தத் தொகுதிக்காக உழைத்த தலித் தோழர் யார்? அவர் பெயர் ஏன் பட்டியலில் இல்லை? நமக்கு நெருக்கமான கட்சியிடம் முதலில் கேட்போம்.

சித்தப்பா இப்போதும் சுவர் எழுதுகிறார். அடுத்தவர்கள் பெயரை.