நால்வருக்கென்று அளந்த பாரம்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 10:13, 2 கொரிந்தியர் 1:8-11



அண்மையில் திண்டிவனத்தில் ஒரு விசுவாசியின் இல்லத்திற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஐவர், தாளும் பென்சிலும் இருபது முகப் பகடையுமாகக் கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டாம். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர்களாக அதில் நடமாடுவார்கள். வழியில் பூதங்கள் எதிர்ப்படும். 1980-களில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் பலர் இதை அஞ்சி எதிர்த்தார்கள். எனக்கும் தயக்கம் இருந்தது. ஆயினும் அமர்ந்து கவனித்தேன்.

"பூதத்தின் பலத்தை எப்படித் தீர்மானிக்கிறாய், தம்பி?" என்று கதை நடத்தியவனிடம் கேட்டேன்.

"எதிரே நிற்பவர்களைப் பார்த்துத்தான், ஐயா" என்றான். ஒவ்வொரு பூதத்திற்கும் ஒரு கடினமதிப்பு உண்டு. 2014-ல் வந்த விதிகளின்படி, அந்த மதிப்புக்கு இணையான நிலையிலுள்ள நால்வர், போதிய ஓய்வும் ஆயுதமும் பெற்றிருந்தால், உயிரிழப்பின்றி அதை வெல்லக்கூடும். போர் மிஞ்சிப்போனால் அவன் பூதத்தின் உயிர்ப்புள்ளிகளைக் குறைப்பான். அல்லது தப்பிச் செல்ல ஒரு வாசலைக் காட்டுவான்.

நடுவில் ஒருவனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, எழுந்து போய்விட்டான். சற்று நேரத்தில் எஞ்சிய மூவரும் வீழும் நிலைக்கு வந்தார்கள். பூதம் ஒருமுறை அடிப்பதற்குள் நான்கு அடிகள் விழவேண்டிய இடத்தில் மூன்றே விழுந்தன. நால்வர் பகிர்ந்துகொண்ட காயத்தையும் மூவரே ஏற்றார்கள். "பூதம் வளரவில்லை ஐயா, ஆள் குறைந்துவிட்டது" என்றான் அந்தப் பிள்ளை.

விழுப்புரம் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. நம் திராணிக்கு மிஞ்சிய சோதனையைத் தேவன் அனுமதியார், தப்பும் வழியையும் உண்டாக்குவார் என்று பவுல் எழுதினார். துக்க வீட்டிலும் கடன்பட்டவரிடத்திலும் நாம் இதையே ஆறுதலாகச் சொல்லி, ஜெபித்து, விடைபெறுகிறோம். அவ்வாறு விடைபெறுவதே தவறு என்பது என் கருத்து. மூலமொழியாகிய கிரேக்கத்தில் அவ்வசனத்தின் 'உங்கள்' என்பது பன்மை. ஒருவருக்குக் காட்டும் மரியாதையன்று; ஒரு சபை முழுவதையும் நோக்கிய சொல். கூட்டத்திற்கென்று அளந்த பாரத்தைத் தனியொருவர் தோளில் விட்டுவிட்டு, "தாங்குவீர்கள்" என்று சொல்வது ஆறுதலாகுமா?

அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்த பாரம் தங்கள் பலத்திற்கு மிஞ்சியதென்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்றென்றும் அறிக்கையிடுகிறார். தம்மை விடுவித்த தேவனைத் துதித்துவிட்டு, அவர்களுடைய ஜெப உதவியையும் எதிர்பார்க்கிறார்.

ஃபெஞ்சல் புயலை நாம் மறக்கவில்லை. 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. அந்த வெள்ளம் எந்தத் தனி வீட்டின் திராணிக்கும் உட்பட்டதன்று. மார்பளவு நீரில் உணவுப் பொட்டலம் சுமந்து வந்த அயலாரே அநேகருக்குத் தப்பும் வழியானார்கள்.

உவமைக்கும் எல்லை உண்டு. தேவன் பகடை உருட்டுகிறவர் அல்லர். நம் துயரம் அவருக்கு விளையாட்டும் அன்று. கதை நடத்துபவன் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பான். நம் ஆண்டவரோ மாம்சமாகி நம் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆகவே இவ்வாரம், ஆராதனையில் சில நாட்களாகக் காலியாக இருக்கும் ஓர் இருக்கையை நினைவுகூருங்கள். அவ்வீட்டிற்குச் செல்லுங்கள். வசனத்தைச் சொல்லுமுன் அமர்ந்து கேளுங்கள், தேவையானதைச் செய்யுங்கள், மறுவாரமும் செல்லுங்கள்.

பிறர் பாரத்தைச் சுமக்கும் கிருபையைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.