தேனுக்கும் ஊர் உண்டு

தேன் கொள்முதல் செய்யும் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பல ஊர்களிலிருந்து பல மாதங்களில் வந்த தேன் யாவும் அங்கே ஒரே பீப்பாயில் ஊற்றப்பட்டிருந்தது. அடியில் உறைந்தும் மேலே நுரைத்துப் புளித்தும் கிடந்த அதனைக் கண்ட வியாபாரி, "பாகு கலந்த தேன்" என்று கூறித் திரும்பிவிட்டார். பாகு கலந்ததற்கு அடையாளம் ஏதும் நான் காணவில்லை. ஊரையும் பருவத்தையும் கலந்ததே அங்கு நேர்ந்த பிழை.

தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு சர்க்கரைகள். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். சர்க்கரைகளுள் முதன்மையானவை பழச்சர்க்கரையும் திராட்சைச் சர்க்கரையும் ஆகும். இவற்றின் விகிதம் செடிக்குச் செடி மாறும். திராட்சைச் சர்க்கரை மிகுந்தால் தேன் விரைவில் உறையும். வடநாட்டுக் கடுகுத் தேன் வெண்ணெய்போல் உறைவது இதனாலேயே. குமரி மாவட்டத்து ரப்பர்த் தேனும் உறையும் இயல்பினதே. அது பூவிலிருந்து வருவதன்று. இளந்தளிர்களின் இலைக்காம்பில் சுரக்கும் மதுவிலிருந்து வருவது. தேன் உறையும்போது மேலே நிற்கும் பகுதியில் நீர் மிகும். நீர் மிகுந்தால் புளிக்கும். உணவுத் தர விதி நீருக்கு 20 பங்கை எல்லையாக வைத்திருப்பது காரணமின்றி அன்று.

மருத்துவக் குணமும் அவ்வாறே இடத்திற்கு இடம் வேறுபடும். நியூசிலாந்தின் மனுகாத் தேனில் கிருமிகளை அடக்கும் மீதைல்கிளையாக்சல் மிகுதி. துருக்கியின் கருங்கடற்கரையில் கிடைக்கும் ரோடோடெண்ட்ரான் தேனோ உண்டவரை மயங்கச் செய்யும். ஆகவே, "சகல நோய்க்கும் மருந்து" என்று எழுதித் தேனை விற்பது நேர்மையாகாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது; நீரிழிவுடையோர்க்கு அதுவும் சர்க்கரையே. இவற்றை டின்னின்மேல் அச்சிடுவதால் சங்கத்தின் மதிப்பு உயருமேயன்றிக் குறையாது.

40-ஆம் நம்பர் நூலையும் 80-ஆம் நம்பர் நூலையும் ஒரே பாவில் கலந்து எந்த நெசவாளரும் நெய்யார். 2023-ல் நெகமம் பருத்திச் சேலையும் மார்த்தாண்டம் தேனும் புவிசார் குறியீடு பெற்றன. இரண்டிற்கும் மதிப்புத் தருவது ஊர்ப் பெயரே அன்றோ? அப்பெயரைப் பீப்பாயில் கரைத்துவிடலாமா?

தனித்தனிப் பாத்திரம் வீண்செலவு என்பர் சில நிர்வாகிகள். ஒரு பீப்பாய் புளித்த நஷ்டத்தில் எத்தனை டின்கள் வாங்கலாம் என்பதை அவர்களே கணக்கிடட்டும். அன்றியும், அறைகளைத் தேனீ மெழுகால் மூடும்வரை பொறுத்திருந்து எடுத்த அங்கத்தினரின் தேனும், அவசரப்பட்டு எடுத்தவரின் நீர்த்த தேனும் ஒரே விலை பெறுவது எவ்வகை நீதி? பொறுத்தவர் மறு ஆண்டு ஏன் பொறுக்க வேண்டும்?

ஆகவே, சங்கங்கள் நீரளவு காட்டும் ஒளிவிலகல் மானி ஒன்றை வாங்குக. ஊர், பருவம், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதித் தேனைத் தனித்தனியே வைத்திடுக. உறைந்த தேனைக் காய்ச்சி மறைத்தல் வேண்டா. உறைவது அதன் இயல்பென வாங்குவோர்க்கு எடுத்துரைத்திடுக. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவது அங்கத்தினர்களின் கடமையாகும்.